கழுவாத சிப்பி

எய்யா,

கல்லூரி மலருக்கு ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கும் விலங்கியல் கட்டுரையை இந்த முறை நான் எழுதவில்லை. கடல் அட்டையைப் பற்றியோ பவளப் பாறையைப் பற்றியோ ஏதாவது எழுதி, கீழே பெயரையும் பட்டத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்துவிடும். மாணவிகள் அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டுக் கோலப்போட்டிப் படங்களுக்குப் போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. இந்த முறை அந்த இடத்தை உனக்கு எழுதும் கடிதத்துக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இடம் போதாது என்று மலர்க்குழு சொன்னால் கோலங்களைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம்தான். ஆனால் உன் படத்துக்கு நான் செய்ததை, என்னிடம் படித்துப் போன பெண்கள் எல்லாருடைய நோட்டுக்கும் செய்திருக்கிறேன். அவர்களும் படிக்கட்டும் என்று நினைத்தேன். அச்சுக்குப் போகும் முன் இது உன் கைக்கு வரும். வேண்டாம் என்று நீ சொன்னால் கிழித்துவிடுகிறேன். மலருக்கு ஒரு கடல் அட்டையை எழுதிக் கொடுக்க எனக்கு அரை நாள் போதும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். புத்தகங்களுக்குப் படம் போடுவதுதான் உன் தொழில் என்று முடிவு செய்து, அதில் முதல் வேலையும் உனக்குக் கிடைத்திருந்தது. நம் ஊர்க் கடலடியில் முத்துச்சிப்பிகள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் திட்டுகளை, அதாவது பார்களைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். படம் முழுக்க உன்னுடையது. மே மாத விடுமுறைக்கு வந்த நீ, வீட்டில் இருந்ததைவிடக் கடலில் இருந்ததுதான் அதிகம். சங்கு குளிப்பவர்களோடு படகில் போனாய். உப்புப் பூத்த சட்டையோடு திரும்பி வந்தாய். வந்த கையோடு சாப்பாட்டு மேசையில் ஐவரி போர்டு என்கிற வழவழப்பான தடித்தாளை விரித்து உட்கார்ந்தாய். நாங்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். அப்பா மட்டும் ஒரு நாள், "ஏளா, இந்த மேசைய வாங்கினது சாப்பிடவா, சிப்பி வளக்கவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, வெளிச்சம் போதாது என்று தன் கயிறு, பெயின்ட் கடையிலிருந்து ஒரு பெரிய பல்பைக் கொண்டுவந்து மாட்டியதும் அவர்தான்.

நீ கிளம்பிய நாளில் ஒரு படம் மட்டும் காயவில்லை. பின்னணியில் அடர்த்தியாகப் பூசிய கறுப்பு மை உப்புக்காற்றில் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மற்ற படங்களை நீயே எடுத்துக்கொண்டு, இதை மட்டும் காய்ந்ததும் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிப் பதிப்பாளருக்குத் தபாலில் அனுப்பச் சொல்லி என்னிடம் விட்டுப்போனாய். திறந்த முத்துச்சிப்பியின் படம் அது. இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளி ஓட்டில் பாசியும், சுண்ணாம்புக் குமிழ்களைப் போன்ற கொட்டலசும், ஏதோ புழு கட்டிய வெள்ளைக் குழாயும் ஒட்டியிருந்தன. பாறையைப் பற்றிக்கொள்ளச் சிப்பி விடும் நார்க்கற்றையில் மணலும் ஒரு பொடிக் கல்லும் சிக்கியிருந்தன. உள்ளே, செவுளின் மடிப்பில், பட்டாணி அளவுக்கு ஒரு நண்டு. மெத்தென்ற உடம்பு. வந்தவர்களைப் பார்த்துக் கூச்சப்படும் குடித்தனக்காரரைப் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. பார்க்கிற கண் சிப்பியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் அதனிடம்தான் போய் நிற்கும்.

மறுநாள் எனக்குக் கல்லூரி இல்லை. காய்ந்த படத்தைக் கையில் எடுத்தேன். பிள்ளைகள் படிக்கிற புத்தகம், படம் தெளிவாக இருக்க வேண்டாமா என்று தோன்றியது. அப்பாவின் சவர பிளேடை இரண்டாக ஒடித்தேன். பிளேடைச் சாய்த்துப் பிடித்து மையை மட்டும் சுரண்டி, அந்த இடத்தை நகத்தின் முதுகால் தேய்த்தால் தாள் மறுபடி வழவழப்பாகும் என்று நீதான் எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தாய். முதலில் பாசி போயிற்று. பிறகு கொட்டலசு, புழுக்குழாய், மணல். கடைசியில் நண்டு. அது இருந்த இடத்தில் செவுளின் கோடுகளை வரைந்து நிரப்பினேன். நீ வேண்டுமென்றே பாதியில் விட்டிருந்த கோடுகளையெல்லாம் இழுத்து மூடினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஓடு, செவுள், கால், நார் என்று என் எழுத்தில் பெயர் எழுதினேன். தள்ளி வைத்துப் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. உனக்கு ஒத்தாசை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தபாலாபீசுக்கு நானே நடந்து போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். அந்த நிறைவை நினைத்தால்தான் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

சில வாரம் கழித்து நீ கடைக்கு டிரங்க் கால் போட்டாய். கல்லூரி விட்டு வருகிற வழியில் நான் அங்கே கயிற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்து அப்பாவோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். புதுத் துறைமுகம் வந்த பிறகு பழைய துறைமுகத் தெருவில் கூட்டம் குறைந்துவிட்டது என்று அப்பா வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். போன் அடித்ததும் என்னிடம் கொடுத்தார். நீ நலம்கூட விசாரிக்கவில்லை.

"எம்மா, அந்த நண்டு எங்க போச்சு?"

"எந்த நண்டு?" என்றேன்.

நீ கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "சரிம்மா. அப்பாட்ட குடுங்க" என்றாய். அப்பா வெறும் ம் கொட்டிக்கொண்டே கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பதிப்பாளருக்கு ஒம் படந்தான் ரொம்பப் பிடிச்சிருக்காம். பாக்கி எல்லாத்தையும் அதே மாதிரி சுத்தமா, பேரெல்லாம் எழுதி, திருப்பிப் போட்டுக் கொண்டாரச் சொல்லுதாராம்." ஒம் படம் என்றுதான் சொன்னார். நீ அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய் என்று அந்த ஒரு சொல்லில் எனக்குத் தெரிந்துபோயிற்று. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், அதற்கும் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் நீ அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். மற்ற படங்களிலும் பாசியையும் மணலையும் சுரண்டி என் சிப்பியைப் போல ஆக்கினால் புத்தகம் வரும். உன் பெயர் முதல் தடவையாக அச்சில் வரும். மாட்டேன் என்றால் வேலை வேறு யாருக்காவது போய்விடும். கல்லூரியை விட்டு வெளியே வரும்போது கையில் ஒரு புத்தகம் இருப்பதும் இல்லாததும் உன் தொழிலில் எவ்வளவு வித்தியாசம் என்று நீயே மே மாதம் எனக்கு விளக்கியிருந்தாய். அப்படி ஒரு முட்டுச்சந்தில் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தியது என் அரை பிளேடு.

எந்த நண்டு என்று கேட்டேனே, அந்த நண்டை எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் சுரண்டியிருந்தால்கூட என்னை மன்னித்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். பிராக்டிகல் வகுப்புக்குச் சிப்பிகள் வாளியில் வரும். மேசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது நான் சொல்லும் முதல் வாக்கியம், "கழுவிட்டு வரைங்க" என்பதுதான். குழாயடியில் தேய்த்துக் கழுவினால் பாசியும் மண்ணும் போய், சிப்பி பாடப்புத்தகத்துச் சிப்பி மாதிரி ஆகிவிடும். திறந்ததும் சிலவற்றில் அந்த நண்டு இருக்கும். யாராவது ஒரு பெண், "மிஸ், இங்கன ஒண்ணு அசையுது" என்பாள். அது சிலபஸில் இல்லை என்பேன். வகுப்பு சிரிக்கும். அவள் வெட்கப்பட்டுக் குழாயைத் திறப்பாள். தொட்டி ஓட்டை வழியாக நண்டு போய்விடும். அது அங்கே எப்படி வந்தது, என்ன தின்கிறது, சிப்பிக்கு அதனால் கெடுதல் உண்டா என்று பேசத் தொடங்கினால் அந்த வகுப்பு முழுதும் போதாது. அவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்ட பெண்களை நான் சிரிக்க வைத்து உட்கார வைத்திருக்கிறேன். அந்தப் பெண்களில் ஒருத்தியாவது இதைப் படிக்க வேண்டும் என்பதும் இதை மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம்.

மே மாதத்தில் ஒரு நாள், மையைக் கலக்கிக்கொண்டே நீ என்னிடம் ஒன்று கேட்டாய். கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவனும் ஆசிரியர்கள் முன்னால் நின்று, இந்தத் தொழிலுக்குத் தான் எப்படி வந்தேன், எதில் தேறினேன், எதில் இன்னும் தேறவில்லை என்று பேச வேண்டுமாம். "எம்மா, நா எப்பம் படம் போட ஆரம்பிச்சேன்?" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. என் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டில்தான் என்றேன். பெருமையாகச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே அதை எழுதி வைத்தாய். அது தப்பான பதில். சரியான பதிலைச் சொல்வதற்கு முன்னால், நான் சொன்ன பதிலில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நீ எட்டாவது படித்த வருடம். விலங்கியல் மாணவிகள் தாங்கள் அறுத்துப் பார்த்ததை வரைந்து காட்டும் ரெக்கார்டு நோட்டுகளை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் இருந்த இறாலின் மீசை எனக்குத் தெரிந்த மீசையாக இருந்தது. நுனியில் ஒரு சின்னச் சுழிப்பு. அடுத்த நோட்டிலும் அதே சுழிப்பு. அதற்கடுத்ததிலும். சந்தேகம் கேட்கிறோம் என்று வீட்டுக்கு வந்துபோகும் பெண்கள் போன பிறகு உன் சட்டைப் பையில் ஏன் முந்திரி மக்ரூன் இனிப்பின் துகள் இருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. கூப்பிட்டுக் கேட்டேன். "அந்த அக்காவுக்குக் கை நடுங்குதாம்மா" என்றாய். எல்லா அக்காவுக்குமா நடுங்குகிறது என்றேன். நீ கொஞ்சம் யோசித்து, "ஒங்களப் பாத்தா நடுங்குதாம்" என்றாய். அடுக்களையில் அப்பா சிரித்த சிரிப்பில் தம்ளர் கீழே விழுந்தது.

பெண்களைத் திரும்ப வரைய வைத்தேன். உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. உன் கையை நான் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த வாரமே சார்ட் பேப்பரை உன் முன்னால் விரித்தேன். வகுப்பறைச் சுவரில் மாட்டும் படங்களை உன்னை வைத்து வரைந்துகொண்டேன். நிழல் போடாதே. கோட்டைத் திறந்து விடாதே. பார்த்ததையெல்லாம் போடாதே, கேட்டதை மட்டும் போடு. நீ பந்து விளையாடப் போக வேண்டிய சாயங்காலங்களில் எல்லாம் என் எதிரில் உட்கார்ந்து தவளையின் இதயத்தைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தாய். தவளை பக்கத்துத் தட்டில்தான் இருந்தது. அதைப் பார்த்து வரைகிறேன் என்று நீ கேட்டதும், நேரமாகும் என்று நான் மறுத்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்த சார்ட்டுகள் இன்னும் லேபில் தொங்குகின்றன. வருகிறவர்கள் பாராட்டும்போது என் மகன் சின்ன வயதிலேயே வரைந்தது என்பேன். தவளை பக்கத்தில் இருந்ததைச் சொல்வதில்லை.

அதன் விளைவை முதலில் கண்டுபிடித்தவர் உன் அப்பா. நீ பத்தாவது முடித்த விடுமுறையில், கடைக்குக் கயிறு வாங்க வரும் தோணிக்காரர் ஒருவர் தன் தோணியின் முகப்பில் ஒரு மீன் போட்டுத் தரக் கேட்டார். நீ சிவப்பிலும் வெள்ளையிலும் ஒரு மீன் போட்டாய். துடுப்பெல்லாம் விரித்துக் குத்தி வைத்தாற்போல, கண் வெளுத்து, விறைத்துக்கொண்டு இருந்தது. என் லேபில் ஃபார்மலின் பாட்டிலில் இருக்கும் மீன் அது. நான் வந்து பார்த்துவிட்டு, துடுப்பு முள்ளை எண்ணும்படி அழகாக இருக்கிறது என்றேன். அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏலே, இது செத்து ரெண்டு நாளான மீனுலே. தோணிக்காரர் பாத்தா வெல கேட்டுருவாரு" என்றார். நீ துறைமுகப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து, முழுவதையும் அழித்து, உடம்பை வளைத்துத் திரும்பும் ஒரு மீனைப் போட்டாய். அதில் முள்ளை எண்ண முடியவில்லை என்று நான் குறை சொன்னேன். நீ முதன்முதலாக உன் தொழிலில் தேறிய நாள் அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. உன் பேச்சில் அதைச் சேர்த்துக்கொள். அப்பா சொன்னதையும் அப்படியே சொல், உன் ஆசிரியர்கள் சிரிப்பார்கள்.

ஓவியக் கல்லூரியில் முதல் வருடம் உன் ஆசிரியர் உன் தாளைத் தூக்கிப் பிடித்து, இந்தக் கோடுகளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கின்றனவே, யார் சாத்தச் சொன்னது என்று கேட்டாராம். தீபாவளிக்கு வந்தபோது அதை வேடிக்கையாகச் சொன்னாய். அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். சாத்திய கதவுகளைத் திறக்க உனக்கு ஒரு வருடம் முழுக்கப் பிடித்தது என்பதையும், ரயில் நிலையத்தில் தூங்குகிறவர்களையும் சந்தையில் காய் விற்கிறவர்களையும் நாள்தோறும் வரைந்து வரைந்து நான் கற்றுக்கொடுத்ததை நீ மறந்தாய் என்பதையும் உன் நண்பன் இங்கே வந்திருந்தபோது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு பாடுபட்டுத் திறந்தவற்றை மேசையில் வைத்து ஒரே நாளில் நான் மறுபடி மூடினேன்.

விளாத்திகுளத்தில் உன் பெரியப்பா மகள் கல்யாணத்தையும் சொல்ல வேண்டும். பையன் என்ன படிக்கிறான் என்று யார் கேட்டாலும், மெடிக்கல் புத்தகங்களுக்குப் படம் போடுகிற படிப்பு என்று சொன்னேன். படம் போடுகிறான் என்பதோடு நிறுத்த என் வாய் வரவில்லை. டாக்டர் என்று சொல்ல முடியாததால் டாக்டருக்குப் பக்கத்தில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தேன். நீ என் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே, "எம்மா, மெடிக்கல் புஸ்தகத்துல நா எத்தனாவது பக்கத்துல இருக்கேன்?" என்று கேட்டாய். நான் தூங்குவதுபோல் இருந்துவிட்டேன். உன் தொழிலைப் பற்றி நீ என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொன்ன விதமெல்லாம் இப்படித்தான்.

இப்போது சரியான பதில். உனக்கு நான்கு வயதிருக்கும். எனக்கு வகுப்பு உள்ள நாள்களில் உன்னைக் கடையில் விட்டுப்போவேன். நீ கல்லாப்பெட்டி மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாய். அங்கிருந்து பார்த்தால் வருகிறவர்களின் கால்கள்தான் தெரியும். அப்பா காலி பெயின்ட் டின்களின் மூடிகளை உனக்குப் போடுவார். மூடியில் ஒட்டியிருக்கும் பெயின்ட்டில் விரலைத் தொட்டு, நீ சாக்கில் படம் போடுவாய். ஒரு நாள் நான் வந்து பார்த்தபோது சாக்கு முழுக்கக் கால்கள். மணல் ஒட்டிய கால், வெடித்த கால், செருப்புக் கால். ஒரு காலுக்கு நான்கு விரல்தான் இருந்தது. உன் கையைப் பிடித்து விரல்களை எண்ணச் சொல்லி, ஐந்தாவது விரலையும் உன்னைப் போட வைத்தேன். பெரிய மனுஷி மாதிரி, எப்போதும் எண்ணிப் பார்த்துப் போட வேண்டும் என்று புத்தியும் சொன்னேன். பிறகொரு நாள், கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர் நங்கூரக் கயிறு வாங்க வந்தார். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. நீ மேசைக்கு அடியிலிருந்து அந்தக் காலைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாய். எண்ணித்தான் போட்டிருக்கிறாய் நீ.

நீ படம் போட ஆரம்பித்தது அங்கே. நான் திருத்த ஆரம்பித்ததும் அங்கேதான். ஆசிரியர்கள் முன்னால் நிற்கும்போது இதைச் சொல். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் என்னையும் கழுவிச் சொல்லாதே.

போன வாரம் நான் பதிப்பாளருக்கு டிரங்க் கால் போட்டேன். அந்தப் படத்தில் உள்ள பெயர்களும் பாதிக் கோடுகளும் என்னுடையவை, என் மகன் வரைந்ததை நான் சுரண்டிவிட்டேன் என்று சொன்னேன். மனிதர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். "அம்மா, படம் நல்லாத்தானே இருக்கு. பிள்ளைங்களுக்குப் புரியும். இதுக்குப் போய் ஏன் வருத்தப்படுறீங்க?" என்றார். பிறகு, மற்ற படங்களுக்கும் நானே பெயர் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, இதையும் உன்னிடம் கேட்காமல் செய்திருக்கிறேன் என்று. அப்பா கல்லாவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருந்துததுக்கும் ஒரு பழக்கம் வேணும்லா" என்றார். குத்திச் சொன்னாரா, ஆறுதல் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் போன் போடவில்லை.

நேற்று பிராக்டிகல் வகுப்பில், இன்றைக்குச் சிப்பியைக் கழுவ வேண்டாம் என்றேன். "மிஸ், தண்ணி வரலையா?" என்று ஒருத்தி கேட்டாள். வருகிறது, ஆனால் கழுவ வேண்டாம், என்ன இருக்கிறதோ அப்படியே வரையுங்கள் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள். பாதிப் பேர் பழக்கத்தில் பாடப்புத்தகத்துச் சிப்பியையே வரைந்து வைத்தார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கைகளையும் நான்தான் பழக்கினேன். சுவரில் தொங்கிய உன் தவளையை மட்டும் எடுத்து வந்துவிட்டேன். அலமாரி மேல் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நீ வந்து சொல்.

பதிப்பாளருக்கு நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. மனசுக்குள் ஒரு பதில் இருக்கிறது. காலையில் ஒன்றாகவும் சாயங்காலம் வேறாகவும் இருக்கிறது. முதல் புத்தகம் இல்லாமல் நீ திண்டாடினால் அதற்கு நான் காரணம். என் சிப்பியைப் போல எல்லாவற்றையும் மாற்றிப் போட்டு, புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் உனக்கு மனசு சுருங்கினால் அதற்கும் நான் காரணம். எதைச் செய்தாலும் என்னைக் காப்பாற்றுவதற்காகச் செய்யாதே. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நீ நினைத்து ஒன்றைச் செய்தால், அதுவும் நான் சுரண்டியதாகவே ஆகும்.

அப்பா பெயின்ட் கொள்முதலுக்குச் சென்னை வருகிறார். இந்தக் கடிதத்தோடு அவர் கையில் ஒரு காலி பெயின்ட் டின் இருக்கும். அதற்குள் கடல்தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி ஒரு முத்துச்சிப்பி வைத்திருக்கிறேன், உயிரோடு. நேற்று வாளியில் வந்தவற்றில் ஒன்று. ஒரு நாள் பயணத்தைத் தாங்கிக்கொள்ளும். சற்று முன் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது அப்பா டின்னை மோந்து பார்த்துவிட்டு, "ஏளா, இது நாறுத நாத்தத்துக்குப் பெட்டியில எல்லாரும் எறங்கிருவாங்க" என்றார். அப்படியானால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாமே என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் துண்டில் கட்டிக்கொண்டார். கட்டும்போதும் டின்னை மட்டும் சாய்க்காமல் பிடித்திருந்தார்.

அதன் மேல் பாசி இருக்கிறது. கொட்டலசு இருக்கிறது. நாரில் மணல் இருக்கிறது. நான் கழுவவில்லை. திறந்தும் பார்க்கவில்லை. உள்ளே நண்டு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அம்மா